வீட்டுக்குப் போறது யாரு?

கண் பரிசோதனை முகாம் நடக்கப் போகிற இடத்தில் இறங்கியதும் நாங்கள் பதாகை கட்டத் தோதான சுவர் எது என்று பார்ப்போம். ராத்தா கக்கூஸ் எங்கே என்று பார்ப்பார்.

வாசலில் கோயில் தலைவரோ தோட்டத்துத் துரையோ மாலையோடு நின்றாலும் சரி, "இந்தா வாறேன்" என்று அவரைத் தாண்டிப் போய்விடுவார். உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா இல்லையா என்பது திரும்பி வரும் நடையிலேயே தெரிந்துவிடும். இல்லையென்றால் கைப்பை திறக்கும். கட்டுகஸ்தோட்டையில் அவருடைய கணவருக்கு இரும்புச் சாமான் கடை. மற்றப் பெண்களின் கைப்பையில் சீப்பும் பவுடரும் கிடக்கும். இவர் பையில் தாழ்ப்பாளும் ஸ்குரூ ஆணியும் ஸ்குரூ டிரைவரும் கிடக்கும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கதவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, தானே பூட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பார். கண்டியைச் சுற்றியுள்ள பல மண்டபங்களில் அவர் பூட்டிய தாழ்ப்பாள்தான் இன்னும் இருக்கும். பெயர் பொறிக்காத நன்கொடை அது.

"இதுக்கு இவ்வளவு பாடா ராத்தா?" என்று ஒருமுறை கேட்டேன். மாலையோடு நின்றவர் கடுப்பாகிக்கொண்டிருந்தார்.

"கதவ வெளிய ஒரு ஆள் புடிச்சிட்டு நிக்கணும் எண்டா பொம்புளைங்க காலையில இருந்து தண்ணி குடிக்க மாட்டாங்க தங்கச்சி. தண்ணி குடிக்காம வரிசையில நிண்டா மயங்கி விழுவாங்க. விழுந்த பொறகு டொக்டர் வந்து என்னத்துக்கு?"

முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரியை ராத்தா என்பார்கள். அவர்கள் பேச்சில் சொல்வது 'செல்றது', இருக்கு என்பது 'ஈக்கி'. எங்கள் குழுவில் அவரைவிட வயது கூடியவர்களும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட யாரையும் நான் பார்த்ததில்லை. இப்போது அவர் புத்தளத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே எந்தக் கதவை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாரோ தெரியாது.

எங்களுடையது சிறிய குழு. பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களில் இலவசக் கண் பரிசோதனை முகாம் நடத்துவோம். ஒரு மாதம் தோட்டத்தில், ஒரு மாதம் பள்ளிக்கூடத்தில், ஒரு மாதம் மதரசாவில் என்று இடம் மாறும். யாருக்கும் சம்பளம் இல்லை. நான் பிலிமத்தலாவையில் தையல் கடை வைத்திருக்கிறேன். முகாமில் சாப்பாட்டுப் பொறுப்பு என்னுடையது. சம்பளம் இல்லாத இடத்தில் ஒரு பெரிய சங்கடம் உண்டு. யாரையும் எதுவும் கேட்க முடியாது. கேட்டால், "சும்மா வந்து உதவி செய்ற மனுசனப் போய்..." என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அதோடு பேச்சு அடங்கிவிடும். இப்படிப்பட்ட குழுக்களில் நான் பல வருடம் இருந்திருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தின் நிழலில் எவ்வளவு அழுக்கு சுகமாக வளர்கிறது என்று எனக்குத் தெரியும்.

அந்த வாக்கியம் ராத்தாவிடம் செல்லாது. யாராவது ஒரு முறைப்பாடு கொண்டுவந்தால் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "சரி, இப்ப வீட்டுக்குப் போறது யாரு?"

முதன்முதலாக நான் அதைக் கேட்டது ஹந்தானைப் பக்கம் ஒரு தோட்டத்தில். எங்களோடு வந்த ஒரு இளைஞன் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். கண்ணில் மருந்து விட்டு, நீர் வடிய வடிய உட்கார்ந்திருந்த ஒரு பெண், "தம்பி, எடுக்காதீங்க" என்று சொன்னாள். "நல்ல காரியத்துக்குத்தான் அக்கா" என்று சொல்லிக்கொண்டே அவன் இன்னும் கிட்டே போனான். எங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள்? அவளை எழுப்பி, "நீங்க அந்தப் பக்கம் போய் ஒக்காருங்க" என்றார்கள். அந்தப் பக்கம் போனவளுக்கு வரிசையில் இடம் போயிற்று. அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் இறங்கினாள்.

ராத்தா அதைக் கண்டுவிட்டார். "அந்தப் புள்ள எங்க போகுது?"

"படம் எடுக்கிறது புடிக்கலையாம். அப்புறமா வர்றேன்னுட்டுப் போறாங்க" என்றார் ஒருவர்.

"படம் எடுத்தவன் இங்க நிக்கிறான். எடுக்க வேணாம் எண்டவ வீட்டுக்குப் போறாவா?"

சேலை தடுக்கத் தடுக்கப் பாதையில் ஓடி அவளைக் கூட்டி வந்தார். வரிசையின் முன்னால் உட்கார வைத்தார். அவள் கண்ணெதிரே அவன் எல்லாப் படத்தையும் அழித்தான். பிறகு அவனை பஸ் ஏறச் சொன்னார்.

"நல்ல பையன் ராத்தா" என்றேன். எனக்கு அவன் மேல் ஒரு பாசம் உண்டு. சோற்றுப் பார்சல் எல்லாம் அவன்தான் தூக்கி வருவான்.

"நல்ல புள்ளதான். நல்ல புள்ளைக்கும் பஸ் ஓடுதே."

அடுத்த முகாமுக்கு அவன் வந்தான். கதிரை, மேசை தூக்கினான். போனை வெளியே எடுக்கவில்லை. அவன் வரமாட்டான் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள்.

எப்போதும் அவர் செய்தது சரியாக இருந்தது என்று சொன்னால் அது பொய். முகாமுக்கு வரும் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல ஒரு வயதான சிங்களவர் குண்டசாலையிலிருந்து வருவார். அருமையான மனிதர். ஒரு நாள் ஒரு தாய் பதறிக்கொண்டு ஓடி வந்தாள். தன் சின்ன மகளை அவர் கட்டிடத்துக்குப் பின்னால் தனியாகக் கூட்டிப் போனதைக் கண்டேன் என்றாள். ராத்தா விசாரித்துக்கொண்டு நிற்கவில்லை. எல்லோரும் பார்த்திருக்க அவரை அனுப்பிவிட்டார். பிள்ளை வாந்தி எடுத்திருந்தது என்பதும், வாய் கழுவக் குழாயடிக்குத்தான் கூட்டிப் போனார் என்பதும், குழாயடியில் இரண்டு பெண்கள் நின்றார்கள் என்பதும் பிறகுதான் தெரிய வந்தது.

மறுநாள் ராத்தா குண்டசாலைக்குப் போனார். நானும் துணைக்குப் போனேன். அந்த வீட்டு அம்மா கேற்றை முழுதாகத் திறக்கவில்லை. ராத்தா வெயிலில் நின்று, தனக்குத் தெரிந்த சிங்களத்தில், தப்பு என்னுடையது என்று சொன்னார். கிழவர் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார், வெளியே வரவில்லை. அதற்கடுத்த முகாமில் பதாகை கட்டுவதற்கு முன்னால் ராத்தா எல்லோரையும் கூப்பிட்டார். இரண்டு மொழியிலும் சொன்னார்: "போன தரம் இவர அனுப்பினது நான். இவர்ட பக்கம் பிழ இல்ல, என்ட பக்கம்தான். நாலு பேருக்கு முன்னால அனுப்பினேன், நாலு பேருக்கு முன்னாலயே செல்றேன். ஆனா இனிமே எந்தப் புள்ளையையும் தனியாக் கூட்டிட்டுப் போறது யாரும் இல்ல. நானும் இல்ல. ரெண்டு பேராப் போங்க."

கிழவர் திரும்பி வந்தார். ஆனால் வெகு நாள் ராத்தாவோடு பேசவில்லை. தேநீரைக்கூட என் கையால்தான் வாங்கிக் குடிப்பார். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"அவசரப்பட்டுட்டீங்க ராத்தா."

"அவசரப்பட்டுட்டேன்தான். திரும்ப வந்தாலும் அவசரப்படுவேன். அவர்ட வாசல்ல போய் நிண்டு மன்னிப்புக் கேக்க ஏலும். புள்ளைக்கு ஒண்டு நடந்துட்டா யார்ட வாசல்ல போய் நிக்கிற?"

இப்படிப் பேசுகிற பெண்ணுக்குச் சின்ன வயதில் ஏதோ நடந்திருக்க வேண்டும் என்று எங்களில் சிலர் கிசுகிசுத்தார்கள். எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. ஒரு நாள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "எனக்கு ஒண்டும் நடக்கல்ல. நடந்தாத்தான் வெளங்குமா?" என்று கேட்டார்.

இனி சுகந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சுகந்தி தெல்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பெண். கண்டியில் ஒரு புடவைக் கடையில் வேலை. கட்டுகஸ்தோட்டையில் ஒரு போர்டிங் வீட்டில் தங்கியிருந்தாள். எங்கள் முகாமுக்கு வரும் டொக்டர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. வரும் சனத்தில் பாதிக்குச் சிங்களம் தெரியாது. நடுவில் நின்று பேசுபவள் சுகந்தி. அவள் இல்லாத நாளில் டொக்டர் கையை ஆட்டுவார், கிழவி தலையை ஆட்டுவாள், யாருக்கும் ஒன்றும் விளங்காது. அப்பா இல்லாத வீடு. அண்ணன் வைத்ததுதான் சட்டம். கண்டியில் வேலை பார்த்தது போதும், கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று அவர் நச்சரித்துக்கொண்டிருந்தார். ஒரு காரணம் கிடைத்தால் போதும், அவளைத் திருப்பிக் கூப்பிட்டுவிடுவார். அந்தக் கடை வேலையும், போர்டிங்கில் ஒரு கட்டிலும், போயாவுக்கு போயா எங்களோடு சுற்றுவதும்தான் அவள் தனக்கென்று சம்பாதித்தவை.

ஒரு நாள் சட்டைக்கு அளவு கொடுக்க என் கடைக்கு வந்தாள். கையைத் தூக்கி நின்றபடி, "அக்கா, அடுத்த போயாவுக்கு நான் வரல" என்றாள்.

"ஏன்?"

"சும்மாதான்."

அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கதவைச் சாத்தினேன். பிறகுதான் வந்தது விஷயம். எங்கள் குழுவின் தலைவர் கண்டியில் பெரிய வியாபாரி. சாமான் ஏற்றிப் போகும் வேன் அவருடையது, ஓட்டுவதும் அவரே. முகாம் முடிந்து ஒவ்வொருவராக இறக்கிவிட்டு வருவார். கட்டுகஸ்தோட்டையில் ராத்தாவும் இறங்கிய பிறகு, சுகந்தியின் போர்டிங்தான் கடைசி. முன் சீட்டில் சுகந்தியைத்தான் உட்காரச் சொல்வார். கியரை மாற்றும் கை அவள் தொடைக்கு வரும். முதல் தடவை தவறுதலாகப் பட்டது என்று நினைத்தாளாம். பிறகு அந்தக் கை அங்கேயே இருந்ததாம்.

"யாருக்கும் சொல்லாதீங்க அக்கா. அண்ணனுக்குத் தெரிஞ்சா அன்னைக்கே பெட்டியக் கட்டச் சொல்லிருவாரு. நான் வராம இருந்துட்டா முடிஞ்சிருச்சு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவருக்கு என் கையால் எத்தனை தடவை சோறு போட்டிருக்கிறேன். ராத்தாவிடம் மட்டும் சொல்லட்டுமா என்று கேட்டேன். சரி என்று தலையை ஆட்டினாள்.

ராத்தா வந்தார். என்ன நடந்தது என்று மறுபடி சொல்ல வைப்பார் என்று நினைத்தேன். அவர் அதைக் கேட்கவே இல்லை. "என்ன வேணும் ஒனக்கு? அதச் செல்லு" என்றார்.

சுகந்தி தையல் மெஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் முகாமுக்கு வரணும். அந்த ஆளோட வேன்ல போக முடியாது. வீட்டுக்கு யாரும் சொல்லக் கூடாது."

நான் குறுக்கே விழுந்தேன். "நான் முன் சீட்ல ஒக்காந்துக்கிறேன் ராத்தா. பிரச்சினை தீந்துச்சு."

"அப்ப நீங்க மவுத்தாகும் வரைக்கும் அந்த சீட்டுக்குக் காவலா தங்கச்சி?"

கட்டுகஸ்தோட்டையில் செயலாளரின் வீட்டில் கூட்டம் நடந்தது. செயலாளர் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த வங்கி அலுவலர். யார் மனமும் நோகக்கூடாது என்று நினைப்பவர். தலைவரும் வந்திருந்தார். ராத்தா சுகந்தியைக் கூட்டி வரவில்லை. விஷயத்தை நேராகச் சொன்னார். தலைவரின் முகம் சிவந்தது.

"அந்தப் புள்ள எனக்கு மக மாதிரி."

"அத நான் கேக்கல்ல. நீங்க இனிமே முகாமுக்கு வர வேணாம். வேனும் வேணாம்."

செயலாளர் இரண்டு கையையும் தூக்கினார். "பொறுங்கோ, பொறுங்கோ. அந்தப் பிள்ளையின்ர தமையனுக்கு அறிவிக்கிறதுதானே முறை. அவரையும் கூப்பிட்டு, ரெண்டு பக்கத்தையும் வைச்சுக் கதைச்சு முடிப்பம். நாளைக்கு எங்களுக்கு ஒரு சொல் வரக்கூடாது."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் இதற்குச் சுமுகமாக முடிப்பது என்று பெயர். வீட்டுப் பெரியவர்களைக் கூப்பிடுவோம். எல்லோரும் தேநீர் குடிப்போம். அவர் மகள் மாதிரி என்பார், பெண் தலையைக் குனிவாள். பிறகு பெண்ணை வீட்டோடு வைத்துக்கொள்வார்கள். அவர் அடுத்த வாரமும் வேன் ஓட்டுவார். நாங்களும் நல்லது செய்துவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்குவோம்.

"அவ சின்னப் புள்ள இல்ல" என்றார் ராத்தா. "அண்ணனுக்குச் செல்ல நெனச்சிருந்தா அவவே செல்லியிருப்பா. எங்கள நம்பித்தான் சொன்னா. இங்க யாரும் அவருக்கு போன் எடுக்கிற இல்ல. அண்ணனக் கூப்பிட்டா வீட்டுக்குப் போறது யாரு எண்டு ஒங்களுக்குத் தெரியாதா?"

செயலாளர் கையை இறக்கிவிட்டார். தலைவர் எழுந்தார். மேசை மேலிருந்த வேன் சாவியை எடுத்தார். குரலை இறக்கி, ரொம்ப நல்ல மனிதர் மாதிரிச் சொன்னார்: "அப்ப நானே அந்த வீட்டுக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதா வரும். புள்ளையோட நல்லதுக்குத்தான்."

மிரட்டல்தான் அது. அறையில் இருந்த எல்லோருக்கும் விளங்கியது.

"சாவிய மறக்காமக் கொண்டு போங்க" என்றார் ராத்தா.

அன்று மாலையே போர்டிங்குக்குப் போய் சுகந்தியிடம் அதையும் சொல்லிவிட்டார். ஏன் அவளைப் பயமுறுத்த வேண்டும் என்று நான் தடுத்துப் பார்த்தேன். அவளுடைய விஷயம் அவளுக்குத் தெரியாமல் ஓடக் கூடாது என்றார். அடுத்த முகாம் அவள் ஊர்ப் பக்கம், தெல்தோட்டையில்தான். வருவதும் வராததும் உன் விருப்பம் என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். சுகந்தி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "வர்றேன்" என்றாள்.

வேன் இல்லாமல் முகாமுக்குப் போன கதையைச் சொல்லாமல் விட முடியாது. மடக்கு மேசை, கண்ணாடிப் பெட்டிகள், எழுத்துப் பலகை, சோற்றுப் பார்சல் எல்லாவற்றையும் கண்டியில் தெல்தோட்டை பஸ்ஸில் ஏற்றினோம். கண்டக்டர் இது பஸ்ஸா லொறியா என்று சிங்களத்தில் கேட்டார். ராத்தா அவருடைய கண்ணைக் கூர்ந்து பார்த்து, "மகனுக்குத் தூரப் பார்வை குறைவு போல இருக்கே, இறங்கும்போது டொக்டரிடம் காட்டுங்கள்" என்று அவர் மொழியிலேயே சொன்னார். கலஹா வளைவுகளில் மேசை என் மடியில் சரிந்து சரிந்து வந்தது. இரண்டு நாளைக்கு முழங்கால் கன்றிப் போயிருந்தது.

கோயில் மண்டபத்தில் முகாம். கூட்டம் நன்றாக இருந்தது. காலை பாதி போயிருக்கும், வாசலில் ஒருவர் வந்து நின்றார். தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டுபவர்களின் காக்கிச் சட்டை. சுகந்தியின் முகம் வெளுத்ததைப் பார்த்ததும் யார் என்று தெரிந்துவிட்டது.

"பைய எடு. வீட்டுக்குப் போவோம்" என்றார்.

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அதில் பாதிப் பேர் அவளைச் சின்ன வயதிலிருந்து அறிந்தவர்கள். ராத்தா எழுந்து போனார். இருவருக்கும் நடுவில் நிற்கவில்லை. சுகந்தியின் பக்கத்தில் நின்றார்.

"அண்ணனா? வாங்க. ஒக்காருங்க."

"நான் ஒக்கார வரல. எனக்கு விசயம் வந்திருச்சு."

"யாரு சொன்ன?"

"ஒங்க தலைவரு. தங்கச்சி நடத்த சரியில்ல, எனக்கும் மக மாதிரித்தான், மானம் போறதுக்கு முன்ன கூட்டிட்டுப் போயிருங்கன்னு போன் பண்ணினாரு."

"ஒங்களுக்குப் புள்ளைகள் ஈக்கா?"

"ஒரு மக இருக்கு."

"அந்த மகளப் பத்தி, முன்னப் பின்னத் தெரியாத ஒருத்தருக்கு போன் எடுத்து, நடத்த சரியில்ல எண்டு செல்லுவீங்களா?"

அவர் வாசற்படியிலிருந்து ஓரடி உள்ளே வந்தார்.

"ஒங்கட தங்கச்சி ஒரு பிழையும் செய்யல்ல. பிழ செஞ்சது அவர். அதுக்குத்தான் அவர அனுப்பினோம், அதுக்குத்தான் அவர் ஒங்களுக்கு போன் எடுத்த. இதுக்கு மேல நான் பேச ஏலாது. கேக்கணும் எண்டா அவகிட்டக் கேளுங்க."

எல்லோர் கண்ணும் சுகந்தி மேல் விழுந்தது. இழுத்துப் பிடித்து அணைத்துக்கொள்ளலாமா என்று எனக்குத் தோன்றியது. அவள் அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள்.

"வேலை முடிஞ்சதும் எல்லாம் சொல்றேன் அண்ணே. இப்ப வர முடியாது. டொக்டருக்குத் தமிழ் தெரியாது."

சொல்லிவிட்டு வரிசைப் பக்கம் திரும்பி, அடுத்த ஆளை வரச் சொன்னாள்.

அவர் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. சுவரோரம் இருந்த நீள மர வாங்கில் உட்கார்ந்தார். நான் தேநீர் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை. அவருடைய லயத்துக் கிழவி ஒருத்தி டொக்டரிடம் ஏதோ முறையிட, சுகந்தி அதைச் சிங்களத்தில் சொல்ல, டொக்டர் பதில் சொல்ல, சுகந்தி அதைத் தமிழில் திருப்ப, கிழவி பொக்கை வாயால் சிரித்தாள். அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் தங்கச்சி போயா நாளில் என்ன செய்கிறாள் என்று அவர் ஒரு நாளும் கேட்டிருக்க மாட்டார்.

முகாம் முடிந்த பிறகு இருவரும் குழாயடியில் நின்று பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ராத்தா அந்தப் பக்கமே திரும்பவில்லை; என்னையும் திரும்ப விடவில்லை. வந்தபோது சுகந்தியின் கண் சிவந்திருந்தது. அண்ணன் மடக்கு மேசையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தார்.

பஸ்ஸில் மேசையை ஏற்றிவிட்டுக் கீழே நின்று ராத்தாவைக் கேட்டார். "அந்த ஆளு இப்ப எங்க?"

"எங்கட குழுவுல இல்ல."

"ஒங்க குழுவுல இல்ல, சரி. வேன் சும்மாவா நிக்கிது?"

ராத்தா கொஞ்சம் தயங்கினார். "பேராதனப் பக்கம் ஒரு ஞாயிறு வகுப்புக்கு புள்ளைகள ஏத்தி எறக்கக் குடுக்கிறார் எண்டு கேள்வி."

"அதுலயும் பொம்பளப் புள்ளைங்கதானே இருக்கும்?"

பஸ் புறப்பட்டது. அண்ணன் கையை ஆட்டவில்லை, ஆனால் வளைவு திரும்பும்வரை நின்றார்.

கலஹா தாண்டும்வரை ராத்தா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நான் ஏதோ ஆறுதலாகச் சொல்லப் போனேன். "நம்மால ஊர் முழுக்கக் காவல் காக்க முடியுமா ராத்தா? நம்ம இடத்த நாம சுத்தமா வச்சிருக்கோம்."

"எங்கட குப்பைய அடுத்த வீட்டு வாசல்ல போட்டுட்டு, எங்கட வாசல் சுத்தம் எண்டு செல்ற மாதிரி ஈக்கி" என்றார்.

பேராதனை நெருங்கியதும் கைப்பையை மாட்டிக்கொண்டு எழுந்தார். "நான் இங்க எறங்கிறேன் தங்கச்சி."

"இங்க என்ன வேலை?"

"அந்த வகுப்பு நடத்துற டீச்சர்ட வீடு இங்கதான். இண்டைக்கு லீவு நாள், வீட்ல ஈப்பாங்க."

"அவங்க கேப்பாங்களே, யாரு சொன்னதுன்னு."

"கேப்பாங்க. பேரு சொல்ல மாட்டேன். நம்பினா நம்பட்டும்."

சுகந்தி பின் சீட்டிலிருந்து எழுந்து வந்தாள். "நானும் வர்றேன் ராத்தா."

"நீ வரணும் எண்டு இல்ல. ஒன்ட பேர் வெளிய வராமப் பாத்துக்கிறேன் எண்டு சொல்லீக்கிறேன்."

"தெரியும். ஆனா நான் போனா யாரு சொன்னதுன்னு அவங்க கேக்க மாட்டாங்க."

ராத்தா அவளை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். வழியை விட்டு ஒதுங்கி நின்றார். மேசையையும் பெட்டிகளையும் என்ன செய்வது என்று நான் கேட்டேன்; யாரும் காதில் வாங்கவில்லை. பஸ் நின்றது. சுகந்தி முதலில் இறங்கினாள், ராத்தா அவளுக்குப் பின்னால் இறங்கினார்.